நண்டுக்குப் போக மீதி

இலை கொதித்த வாடை
சட்டையைத் துவைத்தாலும் போவதில்லை.
பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர்
ஒருமுறை மூக்கை உறிஞ்சிவிட்டு
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

கா மாவ் முனையில், வியட்நாம் தீர்ந்து
கடல் தொடங்குகிற சேற்றோரம்
நாலு மேசை, ஒரு குளிர்பெட்டி,
நினைத்தால் சுற்றும் மின்விசிறி.
தட்டுக்கு இருபத்தைந்து விதை.
நெல் இல்லை,
நெல்லைப் போல நடிக்கிற புல்.
இளசில் இரண்டையும் பிரித்தறிய
லியூ அக்காவின் விரல் வேண்டும்.
இலையும் தண்டும் கூடும் இடத்தைத் தடவுவாள்:
சின்ன நாக்கு தட்டுப்பட்டால் நெல்,
வழவழவென்று போனால் களை.
டாக்டர் குவோங்கின் நுண்ணோக்கிக்கு
இதற்கே அரைமணி நேரம் ஆகிறது.

சுரபுன்னைச் சாறு வேரைக் கொஞ்சம் கட்டையாக்கியது.
வெண்கண்டல் ஒன்றும் செய்யவில்லை,
யாருக்கும் கெடுதல் நினைக்காத மரம்.
தில்லை அப்படியில்லை.
கிள்ளினால் பால், பால் தெறித்தால் கண் போச்சு.
கண்ணாடி, கையுறை, மூச்சை அடக்கி
நூற்றுக்கு ஐந்து, நூற்றுக்கு இரண்டு, நூற்றுக்கு ஒன்று.
ஆறாம் நாள் மூடியைத் திறந்தேன்.
இருபத்தைந்தில் இரண்டே முளை,
அதுவும் வேர்நுனி கறுத்து
வந்தது தப்போ என்பதுபோல் சுருண்டு.

குவோங் சிரித்தார்.
பதினோரு மாதத்தில் முதல் தடவை.

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
இலை பறித்த மரத்தின் வயது.
முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று.
இந்தக் கரையில் எங்கே போய்ப் பறித்தாலும்
என் அம்மாவைவிட மூத்த மரம் கிடைக்கவில்லை.
ஏனென்று கேட்கப் படிவத்தில் கட்டம் இல்லை.
போரில் விமானங்கள் வரிசைகட்டி வந்தன,
தூறல்போல ஒன்று இறங்கியது,
சில வாரத்தில் காடு முழுக்க
வெறும் கம்பங்கள்.
அதற்கும் களைக்கொல்லி என்றுதான் பெயர்.
எது களை என்பதை
மேலே இருந்தவர்கள் முடிவு செய்தார்கள்.

அந்தக் காட்டின் பேரப்பிள்ளைகளைத்தான்
நான் அரைத்து, கொதிக்கவைத்து, வடிகட்டி
புட்டியில் அடைத்துப் பெயர் ஒட்டுகிறேன்.

லியூ அக்கா புட்டியை வெயிலில் தூக்கிப் பார்த்தாள்.
தேநீர் நிறம்.
"ஒரு கோங் வயலுக்கு எத்தனை கிலோ இலை?"
குவோங் கணக்குப் போட்டார்: நூற்றெண்பது.
"எனக்கு ஒன்பது கோங். ஊருக்கு?"
பேனா நின்றது.
"அப்போ மறுபடி மொட்டை" என்றாள்,
"இந்த முறை ஏணி வைத்து."

மின்விசிறி அந்த நேரம் பார்த்து ஓடியது.
காகிதங்களைப் பிடிக்கிற சாக்கில்
ஆளாளுக்கு ஒரு பக்கம் குனிந்துகொண்டோம்.

மறுவாரம் புது விதி:
கிளையில் கை வைப்பதில்லை.
உதிருமுன் சிவந்து, தானாய் விழுந்ததை மட்டும்.

வடிந்த சேற்றில் முழங்கால் புதைய
ஒரு சிவந்த இலைக்குக் குனிந்தேன்.
அது நகர்ந்தது.
மறுமுனையில் ஒரு நண்டு,
காம்பைக் கவ்வி வளைக்குள் இழுக்கிறது.
நானும் இழுத்தேன், வெட்கமில்லாமல்.
பட்டம் வாங்கியவன் நான்,
பசித்திருப்பது அது.
கொஞ்ச நேரம் இருவரும் விடவில்லை.
பிறகு விட்டேன்.

உதிர்ந்த இலையின் சாறு அவ்வளவு காரமில்லை.
லியூ அக்காவின் வயல் மூலையில்
பாதிப் புல்லுக்கும் மேலேயே பிழைத்துக்கொண்டது.
நெல்லும் இரண்டு நாள் பிந்தித்தான் முளைத்தது.
அளவுகோலோடு நாங்கள் போய்ச் சேருமுன்
அவள் கண்டுபிடித்துவிட்டிருந்தாள்.
திட்டவில்லை.
மீதியை விரலால் தடவித் தடவிப் பிடுங்கிக்கொண்டே
"குனிகிற நாள் மூன்று குறைந்திருக்கிறது,
எழுதிக்கொள்" என்றாள்.

எழுதினேன்.
கீழே இன்னொரு கட்டம்:
மாதிரி குறைவு, காரணம்.
நண்டு, என்று போட்டேன்.
குவோங் அதை அடித்துவிட்டு
அலை என்று திருத்தினார்.
இந்த வாரமும்
நண்டு என்றே எழுதியிருக்கிறேன்.